பழைய மாஸி டிராக்டருக்கு எந்த டயர் போடணும்? ஹாரி பெர்குசன் வாழ்க்கையில் இருக்கு பதில்!

ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி என டெல்டா பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பழைய சிவப்பு மாஸி பெர்குசன் கண்ணில் படும். சிலது இன்னமும் வயலில் இறங்குகிறது. சிலது கொட்டகை ஓரமாக, பின்டயர் வெடிப்பு விட்டு, காத்து இறங்கி, கோழி அடையும் இடமாகிவிட்டது. தாத்தா வாங்கிய அந்த வண்டியைத் திரும்ப ஓட வைக்கணும் என்று இப்போது பேரன்கள் கிளம்பியிருக்கிறார்கள். எஞ்சின் வேலையை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். பெயிண்ட் கடையில் கிடைக்கும். பலரும் கோட்டை விடுவது டயரில்தான்.

பெருசா போட்டா கம்பீரமா இருக்கும், சேத்துலயும் நல்லா இழுக்கும் என்று ஒரு சைஸ் கூட்டி மாட்டிவிடுகிறார்கள். அந்த டிராக்டரை யோசித்து யோசித்து உருவாக்கிய மனுஷன் இதைப் பார்த்திருந்தால் சண்டைக்கே வந்திருப்பார். சண்டை போடுவதில் அவர் லேசுப்பட்டவரும் இல்லை. உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றையே கோர்ட்டுக்கு இழுத்தவர். அவர் பெயர் ஹாரி பெர்குசன். வண்டியின் முகப்பில் மாஸியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெர்குசன் இவர்தான். மாஸி என்பது வேறொரு கம்பெனி. அது இவர் கதையில் கடைசியில்தான் வருகிறது.

விவசாயம் பிடிக்காத விவசாயி மகன்

1884 நவம்பர் 4-ம் தேதி, அயர்லாந்தின் வடக்கே டவுன் கவுண்டியில், ட்ரோமோர் ஊருக்குப் பக்கத்தில் உள்ள குரோவெல் என்ற கிராமத்தில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள், இவர் நாலாவது. அப்பா நிலபுலன் உள்ள விவசாயி, மத விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. மகனுக்கோ பண்ணை வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. குதிரை பூட்டிய ஏருக்குப் பின்னால் நாள் முழுக்க நடப்பது அவருக்கு வெறுப்பு. கனடாவுக்குக் கப்பல் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். அந்த நேரத்தில் அண்ணன் ஜோ, பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கார், சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். தம்பி அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

பெல்ஃபாஸ்ட் என்றதும் டயர்க்காரர்களுக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வரும். ஜான் பாய்ட் டன்லப். கால்நடை மருத்துவரான அவர், மகனின் மூணு சக்கர சைக்கிளுக்காகக் காத்து அடைத்த ரப்பர் டயரை உருவாக்கியது 1888-ல், இதே ஊரில்தான். பெர்குசன் அப்போது சின்னக் குழந்தை. காத்தடைத்த டயரும் நவீன டிராக்டரும் ஒரே வட்டாரத்திலிருந்து கிளம்பின என்பது தற்செயல்தான். ஆனாலும் டிராக்டர் அந்த டயரை மாட்டிக்கொள்ள இன்னும் 40 வருஷத்துக்கு மேல் ஆனது.

பட்டறையில் பெர்குசனுக்குக் கை பேச ஆரம்பித்தது. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக் என்று பெயர் எடுத்தார். மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டினார். விமானக் கண்காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்து, தானே ஒரு விமானம் கட்டினார். 1909 டிசம்பர் 31, காத்து பலமாக அடித்த ஒரு நாளில், ஹில்ஸ்பரோ பூங்காவில் சுமார் 120 மீட்டர் தூரம் பறந்துவிட்டார். சொந்தமாக விமானம் கட்டிப் பறந்த முதல் அயர்லாந்துக்காரர் அவர்தான். வயசு 25.

விமான ஆசை அதோடு மெல்ல அடங்கியது. 1911-ல் தனியாகக் கார் வியாபாரம் தொடங்கினார். ஆனால் எடை பற்றிய புத்தி அவருக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். விமானம் கட்டுகிறவனுக்கு ஒவ்வொரு கிலோவும் எதிரி. பிற்பாடு டிராக்டர் செய்தபோதும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

வண்டி தனி, கலப்பை தனி

முதல் உலகப் போர் நடக்கிறது. ஆட்கள் போருக்குப் போய்விட்டார்கள், குதிரைகளும் போய்விட்டன. உணவு உற்பத்தியைக் கூட்ட அரசாங்கம் டிராக்டர்களை இறக்கியது. 1917-ல், அயர்லாந்தில் ஓடும் டிராக்டர்களை ஒழுங்காக வேலை செய்ய வைக்கும் பொறுப்பு பெர்குசனிடம் வந்தது. உதவியாளர் வில்லி சாண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்.

பார்த்தது எல்லாமே கோளாறு. அந்தக் கால டிராக்டர் என்பது இரும்புச் சக்கரம் போட்ட ஒரு கனத்த எஞ்சின் வண்டி, அவ்வளவுதான். கலப்பையை அதன் பின்னால் சங்கிலியில் கட்டி இழுப்பார்கள். வழுக்காமல் இழுக்கணும் என்றால் வண்டி கனமாக இருக்கணும். கனமாக இருந்தால் மண் இறுகும், ஈர நிலத்தில் புதையும். இதைவிட மோசம் ஒன்று இருந்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால், பின்சக்கரம் சுத்தாமல் நிற்க, எஞ்சின் முன்பக்கத்தைத் தூக்கி வண்டியையே பின்னால் கவிழ்த்துவிடும். ஓட்டுகிறவர் அடியில் நசுங்கிச் சாவார். போர்ட்சன் டிராக்டருக்கு இந்தக் கெட்ட பெயர் ரொம்ப நாள் இருந்தது.

பெர்குசன் பிடித்த விஷயம் சின்னது. வண்டியும் கலப்பையும் ரெண்டு பொருளாக இருக்கக் கூடாது, ஒரே கருவியாக இருக்கணும்.

நம்ம ஊர் ஏர் உழவைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். மாடு இழுக்கும், ஆனால் ஆழம் பார்ப்பது மேழியைப் பிடித்திருக்கும் கை. இறுகின மண் வந்தால் கை லேசாகத் தூக்கும், இளகின மண்ணில் அழுத்தும். அந்தக் கையின் வேலையை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் பெர்குசன் 15 வருஷத்துக்கு மேல் செலவழித்தார். கீழே ரெண்டு கம்பி, மேலே ஒரு கம்பி என மூணு இடத்தில் கலப்பையை வண்டியோடு பிணைத்தார். மேலே உள்ளதைத்தான் இன்றைக்கு டிரைவர்கள் டாப் லிங்க் என்கிறார்கள். கலப்பைக்கு மண் கொடுக்கும் எதிர்ப்பு டாப் லிங்க் வழியாக முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலை ஹைட்ராலிக் உணர்ந்து கலப்பையை ஏற்றி இறக்கும். இதற்கான காப்புரிமைக்கு 1920-களின் நடுவில் விண்ணப்பித்தார்.

அதே தள்ளல் இன்னொரு வேலையும் செய்கிறது. வண்டியின் மூக்கை மேலே எழும்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது. கலப்பையின் கனமும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரத்தின் மேல் வந்து அமர்கின்றன. எவ்வளவு கடினமாக இழுக்கிறதோ, அவ்வளவு அழுத்தமாகப் பின்டயர் தரையைப் பிடிக்கும். வேலை முடிந்து கலப்பையைக் கழற்றினால் வண்டி பழையபடி லேசாகிவிடும். கனம் தேவைப்படும்போது மட்டும் கனமாகும் டிராக்டர்! இதைப் புரிந்துகொண்டால் டயர் விஷயம் பாதி முடிந்த மாதிரி.

இரும்புச் சக்கரத்தில்தான் தொடங்கியது

1933-ல் பெர்குசன் சோதனைக்காகக் கட்டிய முதல் டிராக்டர் முழுக்கக் கறுப்பு. சக்கரம் இரும்பு. 1936-ல் டேவிட் பிரவுன் கம்பெனியோடு சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த பெர்குசன்-பிரவுன் வண்டிக்கும் இரும்புச் சக்கரம்தான். காத்தடைத்த டயர் வேண்டும் என்றால் தனியாகக் காசு கொடுக்கணும். அமெரிக்காவில் 1932 வாக்கில்தான் ஃபயர்ஸ்டோன் கம்பெனியின் முயற்சியால் டிராக்டருக்குக் குறைந்த காத்தழுத்த ரப்பர் டயர் வர ஆரம்பித்திருந்தது. விவசாயிகள் முதலில் நம்பவில்லை. முள் குத்தினால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது: எரிபொருள் குறைவு, வேகம் அதிகம், ரோட்டிலும் போகலாம், முதுகும் தப்பிக்கும்.

பெர்குசன்-பிரவுன் வண்டி சுமார் 1,350 மட்டுமே தயாரானது. வண்டியை மாற்றணும் என்று பிரவுன் சொல்ல, ஒரு போல்ட்டைக்கூட மாற்ற மாட்டேன் என்கிற ரகம் பெர்குசன். கூட்டணி உடைந்தது.

கைகுலுக்கி முடிந்த பேரம்

1938 அக்டோபர். பெர்குசன் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் டியர்பார்னுக்குப் போனார். ஹென்றி போர்டின் வீட்டு நிலத்தில் உழுது காட்டினார். பிறகு மேஜை போட்டு உட்கார்ந்து, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரை வைத்து, வண்டி ஏன் கவிழாது என்று விளக்கினார். போர்டுக்கு அப்போது 75 வயசு. அவரும் பண்ணை வேலை பிடிக்காமல் பட்டறைக்கு ஓடிவந்த விவசாயி மகன்தான். ரெண்டு பேரும் கைகுலுக்கினார்கள். போர்டு தயாரிப்பார், பெர்குசன் விற்பார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

அடுத்த வருஷமே 9என் என்ற டிராக்டர் வந்தது. முன்னால் ஒல்லியான 4.00-19 டயர், பின்னால் ரப்பர் டயர். சந்தையைப் பிடித்தது.

இந்த இடத்தில் கதை நம்ம ஊர்க் கரையைத் தொடுகிறது. அமெரிக்காவுக்குத் தேவையான ரப்பரில் பெரும்பகுதி மலாயா, கிழக்கிந்தியத் தீவுகள் என்று தென்கிழக்கு ஆசியாவிலிருந்துதான் போனது. மலாயா தோட்டங்களில் அதிகாலையில் எழுந்து ரப்பர் மரம் சீவியவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். தஞ்சாவூர், திருச்சி வட்டாரங்களிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போன குடும்பங்கள் எத்தனையோ. 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தது. ரப்பர் வரத்து நின்றது. அமெரிக்க டிராக்டருக்கு டயர் இல்லை. அந்த வருஷம் வந்த 2என் மாடல் வண்டிகள் திரும்பவும் இரும்புச் சக்கரத்தோடு ஆலையை விட்டு வெளியே வந்தன. இன்றைக்கு அமெரிக்காவில் பழைய டிராக்டர் சேகரிப்பவர்கள் அந்த இரும்புச் சக்கர 2என்-ஐ தேடித் தேடி வாங்குகிறார்கள். ரப்பர் போட்டுப் புதுப்பித்தால் சரித்திரமே போய்விடும் என்பது அவர்கள் கணக்கு.

போர் முடிந்தது. மூத்த போர்டு ஒதுங்கி, பேரன் ரெண்டாம் ஹென்றி போர்டு பொறுப்புக்கு வந்தார். கைகுலுக்கலை வைத்துக்கொண்டு கம்பெனி நடத்த முடியாது என்று முடிவு செய்தார். 1947-ல் பெர்குசனை வெட்டிவிட்டு, அவருடைய முறையையே வைத்து 8என் என்ற டிராக்டரை இறக்கினார்கள். அதுவரைக்கும் 9என், 2என் ரெண்டும் சேர்ந்து 3 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருந்தன.

பெர்குசன் விடவில்லை. 1948-ல் 25 கோடி டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டார். நாலு வருஷம் இழுத்தது. 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் ஜெயித்தது நாம்தான் என்று அவர் கடைசி வரை நம்பினார். எழுதி வாங்காமல் விட்டது அவருடைய வாழ்க்கையின் பெரிய சறுக்கல். கோபக்காரர், நேர்த்தியில் வெறி பிடித்தவர், மத்தவர் சொல்லைக் கேட்காதவர் என்று பேர் எடுத்த ஒருவர் ஒரு கைகுலுக்கலை அவ்வளவு நம்பியதுதான் ஆச்சரியம்.

சாம்பல் நிறக் குட்டி வண்டி

அமெரிக்காவில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே இங்கிலாந்தில் அவருடைய உச்சம் தொடங்கிவிட்டது. கோவென்ட்ரி நகரில் பேனர் லேன் என்ற இடத்தில், போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த ஆலையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அவருக்காக டிராக்டர் தயாரித்துக் கொடுத்தது. ஆமாம், சென்னை வண்டலூர் ஆலையிலிருந்து வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களின் தாய் நிறுவனம் அதேதான். 1946-ல் தொடங்கி 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் ஓடிவந்த அந்த மாடல், டிஇ20. எடை 1,100 கிலோ சுமார். முழுக்கச் சாம்பல் நிறம். பகட்டான நிறமெல்லாம் பெர்குசனுக்கு ஆகாது.

அவருடைய பிடிவாதம் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டிலும் தெரியும். விவசாயி வயலில் நின்றுகொண்டு பத்து ஸ்பானரைத் தேடக் கூடாது என்று, பெரும்பாலான போல்ட்டுகளை ரெண்டே அளவில் வைத்தார். வண்டியோடு கொடுத்த ஸ்பானரில் அங்குலக் குறி போட்டு, அதையே அளவுகோலாகவும் ஆக்கினார். சக்கரங்களைத் திருப்பி மாட்டினால் ரெண்டு சக்கரத்துக்கு நடுவில் உள்ள அகலம் 48 அங்குலத்திலிருந்து படிப்படியாக 76 வரை கூடும். வரிசைப் பயிருக்குத் தகுந்த மாதிரி அமைத்துக்கொள்ளலாம். பழைய ரிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏதோ ஒரு ரிம் மாட்டுகிறவர்கள் முதலில் இழப்பது இந்த வசதியைத்தான்.

எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்ததும் பெர்குசன் டிராக்டரில்தான். பனியில் போக, டயரைச் சுற்றி பெல்ட் மாதிரி இரும்புத் தடம் மாட்டிக்கொண்டார்கள். வண்டி அதேதான், தரைக்கு ஏற்ற மாதிரி காலில் போடுவது மட்டும் மாறியது. டெல்டா சேத்துக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காசு சுண்டிப் பார்த்துத் தோற்றவர்

1953-ல் பெர்குசன் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். விலையில் கடைசியாகப் பத்து லட்சம் டாலர் இழுபறி. பேசித் தீரவில்லை. காசைச் சுண்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. சுண்டினார்கள், பெர்குசன் தோற்றார். அந்தக் காசை நினைவுப் பரிசாக அவருக்கே கொடுத்துவிட்டார்கள். புது நிர்வாகத்தோடும் ஒத்துப்போகவில்லை. அடுத்த வருஷமே வெளியேறினார். 1958-ல் கம்பெனியின் பெயர் சுருங்கி மாஸி பெர்குசன் ஆனது. வண்டியில் பெயர் இருந்தது, கம்பெனியில் ஆள் இல்லை.

அப்புறம் நாலு சக்கரத்துக்கும் விசை போகும் கார் மேல் ஆர்வம் திரும்பியது. ஆனால் உறக்கமின்மையும் மனச்சோர்வும் அவரைத் தின்றுகொண்டிருந்தன. 1960 அக்டோபர் 25-ம் தேதி, இங்கிலாந்தின் ஸ்டோ-ஆன்-தி-வோல்டில் உள்ள வீட்டில் இறந்து கிடந்தார். வயசு 75. மரணத்துக்கான காரணத்தை விசாரணை உறுதியாகச் சொல்லாமலே முடிந்தது. அவருடைய குழு கட்டிய நாலு சக்கர விசை ரேஸ் கார் 1961-ல் ஓல்டன் பார்க் பந்தயத்தில் ஜெயித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் இறந்த அதே 1960-ல்தான் ரெண்டு விஷயங்கள் தமிழ்நாட்டில் நடந்தன. சிம்சன் உள்ளிட்ட கம்பெனிகளை நடத்திய அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் எஸ். அனந்தராமகிருஷ்ணன், மாஸி பெர்குசனோடு கைகோத்து சென்னையில் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கினார். விதை, உரம், கடன் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கொடுக்கும் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் நாட்டின் முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூர் சேர்க்கப்பட்டது. குறுவை அறுத்த கையோடு தாளடி நடணும். நடுவில் கிடைக்கும் நாள் ரொம்பக் கொஞ்சம். மாட்டு ஏரால் அந்த வேகத்துக்கு ஓட முடியவில்லை. டிராக்டர் உள்ளே வந்தது. பெர்குசனின் எம்எஃப் 35 வழியில் வந்த 1035 மாடல் டெல்டாவில் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி ஆகிப்போனது. இந்தியாவில் மாஸி பெர்குசன் பெயர் யாருக்கு என்பதிலும் டாஃபேவுக்கும் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்துக்கும் கோர்ட் வரை போய், 2025-ல் டாஃபே பக்கம் சமரசமாக முடிந்தது. பெர்குசன் பெயருக்கும் கோர்ட்டுக்கும் ராசி விடவில்லை போல.

சரி, எந்த டயர்?

1035-க்குக் கம்பெனி கொடுத்த அளவு முன்னால் 6.00-16, பின்னால் 12.4-28. முதல் எண் டயரின் அகலம், ரெண்டாவது ரிம்மின் குறுக்களவு, ரெண்டுமே அங்குலம். ரொம்பப் பழைய டயரிலும் கையேட்டிலும் 11-28 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அதன் இன்றைய பெயர்தான் 12.4-28. அதே மாதிரி டிஇ20-ன் பழைய 10-28, கடையில் இப்போது 11.2-28. யாரிடமாவது டிஇ20 இருந்தால் முன்டயர் 4.00-19. புல்லட் பைக்குக்கும் ரிம் 19 அங்குலம்தானே என்று பைக் டயரை மாட்டிவிடாதீர்கள், அது தாங்கும் பாரம் வேறு.

பின்னால் 13.6-28 போட்டால் என்ன? பெரிய மாடல்களுக்கு வரும் சைஸ் அது. உயரம் கூடுவதால் அதே கியரில் வண்டி வேகமாக ஓடும், ஆனால் தரையில் இழுவை குறையும். கிளட்ச்சும் அச்சும் கூடுதலாகச் சுமக்கும். பழைய ரிம் அதற்குத் தேவையான அகலத்தில் இல்லை என்றால் டயரின் பக்கச் சுவர் உள்வாங்கி, பட்டன் முழுசாகத் தரையில் படியாது. பெர்குசன் கணக்குப்படி இழுவை வருவது டயரின் பருமனிலிருந்து இல்லை, டாப் லிங்க் வழியாக வரும் அழுத்தத்திலிருந்து. புதுப்பிக்கும்போது டயருக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சத்தை ஹைட்ராலிக்குக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். ஆழத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அமைப்பு வேலை செய்யாத வண்டிக்கு எவ்வளவு பெரிய டயர் மாட்டினாலும் வழுக்கத்தான் செய்யும்.

அடுத்தது பட்டன். வறண்ட நிலத்துக்கும் ரோட்டுக்கும் ஏற்ற சாதாரண பட்டன் டயரை ஆர்-1 என்கிறார்கள். நெல், கரும்பு வயலுக்கான ஆழமான பட்டன் டயர் ஆர்-2. அதன் பட்டன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரம், இடைவெளியும் அதிகம், சேறு ஒட்டாமல் கழன்று விழும். டெல்டா என்றாலே ஆர்-2 தான் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அங்கேதான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளணும்: சேத்துக்குள் டயரோடு இறங்குகிறதா, கேஜ் வீலோடு இறங்குகிறதா?

டெல்டா களிமண்ணில் சேறடிக்கும்போது பின்டயரைக் கழற்றிவிட்டு முழு கேஜ் வீல் மாட்டுகிறவர்களுக்கு, சேத்தில் டயருக்கு வேலையே இல்லை. பெர்குசன் 1933-ல் தொடங்கிய இரும்புச் சக்கரத்துக்கே வண்டி திரும்பப் போகிறது. அப்படியென்றால் டயர் ஓடப்போவது புழுதி உழவிலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏத்திப்போகும் ரோட்டிலும்தான். அதற்கு ஆர்-1 போதும். ஆர்-2 போட்டால் தார் ரோட்டில் உதறும், பட்டனும் சீக்கிரம் கரையும். டயரோடு சேர்த்துப் பக்கத்தில் பாதி கேஜ் வீல் மாட்டுகிறவர்கள் டயர் சைஸை மாற்றவே கூடாது. பழைய டயர் உயரத்துக்குச் செய்த கேஜ் வீல், புது டயருக்குக் குட்டையாகிவிடும், சேத்தில் பாரம் தாங்காது. வெறும் டயரோடு சேத்தில் இறங்குகிறவர்களுக்கு மட்டும்தான் ஆர்-2 கொடுத்த காசுக்கு வேலை செய்யும். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓட்டுவது ரோட்டையும் கெடுக்கும், அபராதத்துக்கும் வழி செய்யும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டயருக்குள் தண்ணி ஏத்தும் பழக்கம் நம்ம பக்கம் உண்டு. புழுதி உழவில் பிடிப்புக்கு அது உதவும். ஆனால் குறுவைக்குத் தண்ணி வந்து வயல் தொளியாக இருக்கும்போது அதே கனம் வண்டியைப் புதைக்கும். நெல் வயலுக்கு அடியில் இறுகிய ஒரு மண் தளம் உண்டு. மேலே தண்ணியை நிறுத்துவதும் அதுதான், டிராக்டரைத் தாங்குவதும் அதுதான். கனத்த வண்டி அதை உடைத்துக்கொண்டு இறங்கினால், எடுக்க இன்னொரு டிராக்டர் வேணும். சேறடிக்கும் முன் தண்ணியை இறக்கிவிடுவது நல்லது. வருஷக்கணக்காகத் தண்ணி நின்ற டயரின் ரிம்மை உள்பக்கம் பார்க்காமல் புது டயர் மாட்டவே கூடாது. துரு தின்ற ரிம், புது ட்யூபை ஒரே மாசத்தில் அறுத்துவிடும்.

வாங்கும்போது பின்டயர் ரெண்டையும் ஜோடியாக, ஒரே கம்பெனி, ஒரே மாடலில் எடுக்கணும். ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்றால் உயரம் மாறும், வண்டி நேராக உழாது. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். கடையில் பல வருஷம் கிடந்த டயர் பளபளப்பாகத்தான் இருக்கும், வெயிலில் நின்றதும் வெடிப்பு விடும். வயலில் பின்டயருக்குக் காருக்கு வைக்கும் காத்தில் பாதிகூட வேண்டாம், ரோட்டில் பாரம் இழுக்கும்போது கூட்டிக்கொள்ளணும். மாட்டும்போது பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருக்கிறதா பாருங்கள். பட்டனின் கூர்முனை முதலில் தரையைத் தொடணும், அப்போதுதான் சேறு ரெண்டு பக்கமும் பிதுங்கி வெளியே போகும். மாற்றி மாட்டினால் சேறு நடுவில் போய் அடைத்து, பட்டன் டயர் வழவழ டயராகிவிடும்.